“பேரு கெடைச்சுதா?” ஓட்டிசம் உள்ளவர்களோடு பகிடி பேசிச் சிரிக்கும் முறை

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் ‘பேரு’ என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. முழுப்பேரும் உண்டு, அரைப்பேரும் உண்டு. வேலை முடிந்து இறங்கி வரும், ஓட்டிசம் உள்ள ஓர் இளைஞரிடம், “என்னா தம்பி, இன்னைக்குப் பேரு கெடைச்சுதா?” என்று மாமா ஒருவர் கேட்கிறார். “பொறந்தப்பவே கெடைச்சிருச்சு மாமா” என்று பதில் வருகிறது. முகத்தில் சிரிப்பில்லை, குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. “பாவம், அதுக்கு வெளங்கல” என்று மாமா நகர்ந்துவிடுகிறார். இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் அடுத்ததும் காதில் விழுந்திருக்கும்: “அரைப்பேரு போட்டா என்னை எப்படிக் கூப்புடுவீங்க?”

இங்கே விளங்காமல் போனது மாமாவுக்குத்தான்.

ஓட்டிசம் (மற்றவர்களோடு பேசிப் பழகும் விதமும் சுற்றியுள்ளதை உணரும் விதமும் பிறவியிலேயே வேறாக இருக்கும் நிலை) உள்ளவர்களுக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது என்ற எண்ணம் பழையது. 1944ல் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பெர்கர் என்ற பிள்ளை வைத்தியர், தம்மிடம் வந்த சிறுவர்களுக்குப் பகிடி விளங்குவதில்லை, அதிலும் தங்களைப் பற்றிய பகிடி விளங்குவதே இல்லை என்று எழுதிவைத்தார். தன்னைக் கேலி செய்யும்போது சிரிக்காத பிள்ளையை நகைச்சுவை இல்லாத பிள்ளை என்று முடிவுகட்டுவது நியாயமே இல்லை. 2012ல் இங்கிலாந்தின் டேமியன் மில்டன், தாமும் ஓட்டிசம் உள்ள ஆய்வாளர், இந்த விளங்காமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று எடுத்துக்காட்டினார். ஓட்டிசம் உள்ளவர் மற்றவர்களைப் புரிந்துகொள்ளத் திணறுகிற மாதிரியே மற்றவர்களும் அவரைப் புரிந்துகொள்ளத் திணறுகிறார்கள். பகிடியில் இது அப்படியே பொருந்தும். ஆகவே கீழே உள்ள வேலைகளில் பாதிக்கு மேல் வீட்டாரும் ஆசிரியரும் கூட்டாளிகளும் செய்யவேண்டியவை.

எதற்குச் சிரிக்கிறார் என்று முதலில் எழுதுங்கள்

நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். இரண்டு வாரம், சிரிக்கும் ஒவ்வொரு தடவையும் நான்கு விஷயத்தைக் குறியுங்கள்: என்ன நேரம், அதற்குச் சற்று முன் என்ன சத்தம் கேட்டது அல்லது என்ன நடந்தது, அவருடைய உடம்பு என்ன செய்தது (குதித்தாரா, கையை உதறினாரா, உங்களைத் திரும்பிப் பார்த்தாரா), பக்கத்தில் யார் இருந்தார்கள். உடனே எழுதவேண்டும். ராத்திரி படுக்கும்போது யோசித்து எழுதினால் “சும்மா சிரிச்சான்” என்ற ஒரே வரிதான் வரும்.

‘சும்மா’ சிரிப்பு அபூர்வம். இங்கிலாந்தில் உளவியலாளர் வாசு ரெட்டியும் அவரோடு சேர்ந்தவர்களும் 2002ல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டிசம் உள்ள சிறு பிள்ளைகள் மொத்தத்தில் டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகள் அளவுக்கே சிரித்தார்கள். வேறுபட்டது சிரிப்பின் காரணம்தான். யாராவது கோணல் முகம் காட்டினால் அவர்கள் சிரிப்பது அரிது. பார்ப்பவர்களுக்குப் பிடிபடாத காரணத்துக்குச் சிரிப்பது அதிகம். மற்றவர்கள் சிரிக்கும்போது கூடச் சேர்ந்துகொள்வதும் குறைவு. ‘பழிப்புக் காட்டினேன், சிரிக்கல, அதனால இதுக்குச் சிரிக்கத் தெரியாது’ என்று விட்டுவிடுகிறோம். நாம் காட்டிய சரக்குத்தான் அதற்குப் பிடிக்கவில்லை.

கொப்பியில் அடிக்கடி வரக்கூடியவை இவை. சத்தம்: பொகவந்தலாவ, தலவாக்கலை மாதிரி நாக்கில் உருளும் பெயர்கள், விசிலடிக்கும் கேத்தல், தகரத்தில் விழும் மழை. இடம் மாறிய பொருள்: தலையில் கவிழ்த்த சட்டி, வலது காலில் இடது செருப்பு. மீறப்பட்ட ஒழுங்கு: தினமும் நாலு ரொட்டி சுடும் அம்மா அஞ்சாவதைச் சுடுவது. அப்புறம், எங்கேயோ கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது.

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்கவேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பரா, அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் ஓர் அறை. உள்ளே ஆறு பேர். பாட்டி கதவுநிலையில் நின்று உள்ளே வர வழி பார்க்கிறார். மூலையில் இருக்கும் ஏழு வயதுப் பிள்ளை பஸ் கண்டக்டர் குரலில், அதே இழுப்போடு, “முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க, எடம் இருக்கு, பின்னால எடம் இருக்கு” என்கிறது. வேறு நேரத்தில் அந்தப் பிள்ளை சேர்ந்தாற்போல நாலு சொல் பேசாது. ‘கேட்டதைத் திருப்பிச் சொல்லுது, அர்த்தம் தெரியாது’ என்று இதைத் தள்ளிவிடுவது பெரிய தப்பு. 1980களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் பேச்சு, மொழி ஆய்வாளர் பாரி பிரிசன்ட் முதலானவர்கள், இப்படித் திருப்பிச் சொல்வதற்கு ஒரு நோக்கம் இருக்கிறது என்று காட்டிவிட்டார்கள். நெரிசல் பஸ்ஸையும் நெரிசல் காம்பராவையும் அந்தப் பிள்ளை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறது. நல்ல பகிடிக்கு வேண்டிய அத்தனையும் அதில் இருக்கிறது. பாட்டி “டிக்கட் எவ்வளவு?” என்று கேட்டால் போதும், பகிடி இரண்டு பேருக்கும் சொந்தமாகிவிடும்.

அவருடைய பகிடிக்குள் போவது

கொப்பியில் அதிகம் வந்த ஒன்றை எடுங்கள். ‘தலவாக்கலை’ என்ற சொல் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்லிச் சிரித்ததும் நீங்களும் அதே வேகத்தில், அதே இழுப்பில் ஒரு தடவை சொல்லுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இந்தப் பத்துதான் பெரியவர்களுக்குக் கஷ்டம். மூன்றாவது செக்கனிலேயே அடுத்ததைச் சொல்லிவிடுவோம், பிள்ளையின் முறை போய்விடும். அவர் மறுபடி சொன்னால் நீங்களும் மறுபடி. மூன்று சுற்று மாற்றமில்லாமல் போகட்டும். நாலாவது சுற்றில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள்: ‘தலவாக்க...’ என்று நிறுத்துங்கள், அல்லது ‘தலவாக்காலை’ என்று நீட்டுங்கள். எதிர்பார்த்தது ஒன்று, வந்தது வேறு. சிரிப்பு அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. ஆனால் எதிர்பார்ப்பு முதலில் கெட்டியாக இருக்கவேண்டும், அதற்குத்தான் மூன்று சுற்று.

ஒரேயடியாக இரண்டு மூன்று விஷயத்தை மாற்றினால் விளையாட்டு கலைந்து பயம் வரும். கூடவே கிச்சுகிச்சு மூட்டினாலும் அப்படித்தான், தொடுகை பல பேருக்கு ஆகாது. “ஏன் சிரிக்கிற? என்னா சிரிப்பு?” என்று திரும்பத் திரும்பக் கேட்பது எல்லாவற்றையும் விட மோசம். விசாரணை வந்தால் சிரிப்பு ஒளிந்துகொள்ளும்.

நீங்கள் சொல்வது பகிடி என்று எப்படித் தெரிவிப்பது

நாம் பகிடியைச் சொல்லில் காட்டுவதில்லை. கண்ணைச் சிமிட்டுகிறோம், உதட்டைச் சுழிக்கிறோம், ‘ரொம்ம்ம்ப’ என்று இழுக்கிறோம். சொல்லை மட்டும் கூர்ந்து கேட்பவருக்கு அந்த அடையாளம் போய்ச் சேராது, அல்லது தாமதமாகப் போய்ச் சேரும். ஆகவே அடையாளத்தை வெளிப்படையாக வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் ஒரு கைச்சைகையும் போதும். “பகிடிக்கு” என்று சொல்லி, இரண்டு விரலால் கன்னத்தைத் தட்டலாம். சொன்ன ஐந்து செக்கனுக்குள் அது வரவேண்டும். அரைமணி நேரம் கழித்து “நான் சும்மா சொன்னேன்” என்றால், அதற்குள் அவர் அதை நம்பி ஏதாவது செய்து முடித்திருப்பார்.

முதல் மாதம் வீட்டில் ஒரே ஒருவர் மட்டும் பகிடி சொல்லட்டும், அக்காவோ மாமாவோ. எல்லோரும் ஒரே நாளில் ஆரம்பித்தால் பிள்ளைக்கு எதை நம்புவது என்று தெரியாமல் போகும், ‘சாப்பிட வா’ என்றாலும் “பகிடியா?” என்று கேட்கத் தொடங்கும். அப்படி ஆகிவிட்டால் ஒரு வாரம் பகிடியை முழுசாக நிறுத்தி, சொன்னதெல்லாம் சொன்னபடி நடக்கவிடுங்கள். நம்பிக்கை திரும்பின பிறகு மறுபடி ஒருவரிடமிருந்து ஆரம்பியுங்கள்.

நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஒரு கேலியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்: “உன்னை நாங்க தவிட்டுக்கு வாங்கினோம்.” மற்றப் பிள்ளை ஒரு நிமிஷம் அழுது, பெரியவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவிடும். ஓட்டிசம் உள்ள பிள்ளை இதை உண்மை என்று எடுத்து வைத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல், வருஷக்கணக்கில் சுமக்கக்கூடும். ஏற்கனவே சொல்லியிருந்தால் இப்போதே திருத்துங்கள். மூன்று வாக்கியம் போதும்: “அது பகிடிக்குச் சொன்னது. அது உண்மை இல்லை. நீ அம்மா வயித்துல இருந்து பொறந்த.” பிறப்புச் சான்றிதழை எடுத்து, பெயரும் திகதியும் உள்ள இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள். சிரித்துக்கொண்டே சொன்னால் திருத்தமும் பகிடியாகிவிடும்.

மரபுத்தொடர்களும் இப்படியே. “எனக்கே காது குத்துறியா?” என்றால் பிள்ளை ஊசி எங்கே என்று தேடும். காது குத்துவதை விசேஷ வீட்டில் நேரில் பார்த்த பிள்ளைக்கு அது நியாயமான கேள்வி. கொப்பியில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் ‘சொல்வது’, வலப்பக்கம் ‘உள்ளே இருக்கும் பேச்சு’ என்று எழுதுங்கள். ‘காது குத்துறியா: நீ பொய் சொல்ற என்று எனக்குத் தெரியும்.’ ‘தலையைத் தின்னாதே: கொஞ்ச நேரம் கேள்வி கேட்காதே.’ வாரத்துக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். வெறும் சொல்லைப் படமாக வரையச் சொல்லுங்கள், காதில் ஊசியோடு நிற்கும் கங்காணியை வரைந்துவிட்டு அந்தப் பிள்ளையே விழுந்து விழுந்து சிரிப்பதைப் பார்க்கலாம். நேர்ப்பொருளுக்கும் உட்பொருளுக்கும் உள்ள தூரம் ஒருமுறை பிடிபட்டுவிட்டால் அதுவே தீராத வேடிக்கைச் சுரங்கம்.

நக்கல் இதைவிடக் கடினம். பிந்தி எழும்பிய பையனைப் பார்த்து “தொரைக்கு இப்பத்தான் விடிஞ்சுதா?” என்றால், “தொரை பங்களாவுல இருக்காரு” என்று பதில் வரும். வாய்க்கொழுப்பு என்று அடி விழுகிற இடம் இது. பையன் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறான். நக்கலைப் பழக்க மூன்று கேள்வியை ஓர் அட்டையில் எழுதி, தினமும் ஐந்து நிமிஷம், மூன்று வாக்கியம் மட்டும் பாருங்கள்: அவர் சொன்னது என்ன? உண்மையில் இருப்பது என்ன? இரண்டும் பொருந்துதா? வெளியே மூடுபனி, கொட்டும் மழை. அக்கா “நல்லா வெயில் அடிக்குது” என்கிறார். பொருந்தவில்லை. பொருந்தாவிட்டால் மூன்று வழிதான்: அவருக்குத் தெரியாது, பொய் சொல்கிறார், அல்லது நக்கல். அக்கா ஜன்னல் பக்கத்தில்தான் நிற்கிறார், தெரியாமல் இருக்காது. பொய் சொல்லி அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அப்போது நக்கல்.

அதோடு நிறுத்திவிடக்கூடாது. பெரியவர்களின் நக்கலுக்குள் பெரும்பாலும் ஓர் ஏச்சோ வேண்டுகோளோ இருக்கும், அதையும் எடுத்துக் கொடுக்கவேண்டும். ‘தொரைக்கு விடிஞ்சுதா’ என்பதன் உள்ளே இருப்பது ‘பிந்தி எழும்பிட்ட, சீக்கிரம் கெளம்பு.’ எங்கேயும் உதவும் ஒரு வாக்கியத்தையும் பழக்குங்கள்: “பகிடிக்கா சொல்றீங்க, உண்மைக்கா?” இந்தக் கேள்விக்கு யாரும் சிரிக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டமாக இருக்கட்டும். ஒருமுறை சிரித்தால் அடுத்தமுறை கேட்கமாட்டார்.

பகிடி சொல்லப் பழக்குதல்

விடுகதையில் ஆரம்பியுங்கள். அதற்கு ஒழுங்கு உண்டு, விடை ஒன்றே, முகம் பார்க்கத் தேவையில்லை. ‘வெள்ளை மாளிகைக்கு வாசல் இல்லை’ என்றால் முட்டை. நாலைந்து தெரிந்த பிறகு சொந்தமாகக் கட்டலாம். ஒரு பொருளை எடுத்து, அது செய்யும் மூன்று காரியத்தை எழுதி, பெயரை மறைத்துவிடுங்கள்: ‘மலையில முளைச்சேன், மெசின்ல சுருண்டேன், கோப்பையில நெறம் குடுத்தேன்.’

அடுத்தது சிலேடை. ஓட்டிசம் உள்ள பல பேருக்கு இது மிகவும் பிடித்த வகை. இரண்டு பொருள் தரும் சொற்களைப் பட்டியலிடுங்கள்: ஆறு, படி, மாலை, திங்கள். “தேத்தண்ணி ஆறுமுந்திக் குடி” என்றால் “அஞ்சுலயே குடிச்சிரவா?” என்று பதில் கட்டலாம். “நல்லா படி” என்றால் “வீட்டுக்கு மூணு படிதானே இருக்கு.” மலைநாட்டில் காதில் சிங்களமும் விழுவதால் இன்னொரு கதவும் திறக்கிறது: ‘பொடி’ தமிழில் தூள், சிங்களத்தில் சின்னது. மிளகாய்ப் பொடியைச் சின்ன மிளகாய் ஆக்கி ஒரு பிள்ளை நாள் முழுக்க விளையாடலாம்.

கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில். ஒரே பகிடியை ஒரே ஆளிடம் பத்துத் தடவை சொல்வது. சொல்பவருக்கு ஒவ்வொரு தடவையும் அதே சந்தோஷம், கேட்பவருக்கு இரண்டாம் தடவை அந்தத் திடுக்கிடல் இல்லை. “போதும் நிறுத்து” என்று அதட்டினால் ஏன் என்று அவருக்கு விளங்காது. பகிடிக் கொப்பியில் ஒவ்வொரு பகிடிக்குக் கீழேயும் யாரிடம் சொன்னேன் என்று பெயர் எழுதச் சொல்லுங்கள். பெயர் இருந்தால் அந்த ஆளுக்கு அது முடிந்தது, இன்னொரு ஆளைத் தேடவேண்டும். திரும்பத் திரும்பக் கேட்கவும் விருப்பமுள்ள ஒருவர், தாத்தாவோ பாட்டியோ, வீட்டில் இருந்தால் அவருக்குக் கணக்கே வேண்டாம்.

சாவு வீடு, பிரட்டுக்களம் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்), கோயிலில் பூசை நேரம், ஆஸ்பத்திரி வரிசை. இந்த நாலு இடத்தில் பகிடி வேண்டாம் என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். ‘இடம் பார்த்துப் பேசு’ என்றால் எந்த இடம் என்று தெரியாது.

பார்த்துச் சிரிப்பதைத் தடுப்பது

தண்ணி பிடிக்கும் பீலிக்கரையில், பஸ் ஹோல்ட்டில், பள்ளிக்கூட இடைவேளையில் நடப்பது பல நேரம் பகிடியே இல்லை. ஓட்டிசம் உள்ள பையனிடம் ஒரு கெட்ட சிங்களச் சொல்லைக் கற்றுக்கொடுத்து, அதை ஆசிரியையிடம் சொல்லச் சொல்லிப் போனில் படம் எடுப்பார்கள். எல்லோரும் சிரிப்பதால் தன்னைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்று அவன் நினைப்பான். இது கொடுமை. 2011ல் வெளியான ஓர் ஆய்வில், அஸ்பெர்கர் வகை ஓட்டிசம் உள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேரிடம் பிறர் தன்னைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்ற பயம் ஓரளவுக்காவது இருந்தது. அந்தப் பயம் பிறவியில் வந்ததென்று நாம் நினைக்கவில்லை. இப்படிப்பட்ட இடைவேளைகளில்தான் அது சேர்கிறது.

பார்த்துக்கொள்ள மூன்று கேள்வி. அவரும் சிரிக்கிறாரா? பதிலுக்கு அவரும் கேலி செய்தால் ஏற்றுக்கொள்கிறார்களா? நிறுத்து என்றால் நிறுத்துகிறார்களா? ஒன்றுக்கு ‘இல்லை’ வந்தாலும் ஆசிரியரோ வீட்டாரோ உடனே உள்ளே வரவேண்டும். “நீ கண்டுக்காத” என்று அவரிடம் சொல்வதில் பயனில்லை, பேசவேண்டியது சிரித்த பிள்ளைகளிடம். படம் எடுத்திருந்தால் பெரியவர் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள், யார் யாருக்கு அனுப்பினார்கள் என்றும் கேளுங்கள்.

உறவுமுறைக் கேலி வேறு. “மாமன் மகளைக் கட்டிக்கிறியா?” என்று கேட்பதில் பாசம் இருக்கிறது, ஆனால் அவர் அதைக் கல்யாணப் பேச்சாகவே எடுத்துக்கொள்ளலாம். பிடித்த ஒரு கேலியை அவரே தேர்ந்தெடுக்கட்டும், மாமன் மச்சான்மார் அதை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். பட்டப்பெயருக்கும் இதே சட்டம்.

எல்லாச் சிரிப்பும் பகிடி இல்லை

சாவு வீட்டில் ஒப்பாரி, தப்பு மேளச் சத்தம், நெரிசல். பிள்ளை திடீரென்று சத்தமாகச் சிரிக்கிறது. இது திணறல் சிரிப்பு. காதைப் பொத்துவது, உடம்பு விறைப்பது, கண் அலைவது, சிரிப்பு நிற்காமல் உயர்ந்துகொண்டே போவது ஆகியவை அடையாளம். அதட்டினால் கூடும். கையைப் பிடித்து இழுக்காமல், “வெளிய போவோம்” என்று மட்டும் சொல்லிச் சத்தம் குறைந்த இடத்துக்குக் கூட்டிப்போங்கள், கால்மணி நேரம் பேச்சுக் கொடுக்காதீர்கள். சொந்தக்காரருக்கு “சத்தம் தாங்கல, அதான்” என்ற ஒரு வரி போதும்.

மாசி மாதத்தில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தில் சிரிக்க நிறைய உண்டு, ஆனால் தப்பும் ஆவேச வேஷங்களும் கூடவே வரும். அன்று பகலிலேயே யார் என்ன வேஷத்தில் வருவார்கள் என்று சொல்லிவையுங்கள், எமன் வேஷம் கட்டுபவரை வேஷம் போடுமுன் காட்டுங்கள். தப்படிக்கும் இடத்துக்கு ஒரு லயத்தின் நீளமாவது தள்ளி, எழுந்துபோக வழியுள்ள பக்கத்தில் உட்காருங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துவையுங்கள். காரணமே இல்லாமல், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி, சில செக்கன் மட்டும் வந்து நிற்கும் சிரிப்பு, அந்த நேரம் கூப்பிட்டால் கேட்காத பார்வை, அப்புறம் களைப்பு. இது சிரிப்பாக வரும் வலிப்பாக இருக்கலாம். போனில் படம் எடுத்து, திகதியும் நேரமும் குறித்து வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஓட்டிசம் உள்ளவருக்கு நேரடியாக

நீங்கள் சிரிக்காத முகத்தோடு சொல்லும் பகிடி நல்ல பகிடியாகவே இருக்கலாம். முகத்தை மாற்றப் பழகவேண்டிய கட்டாயம் இல்லை. புது ஆட்களிடம் மட்டும், சொல்லி இரண்டு செக்கன் விட்டு, “பகிடி” என்று ஒரு சொல் சேருங்கள். கூட்டத்தோடு சேர்ந்து பொய்யாகச் சிரிக்கவும் தேவையில்லை. “எனக்கு வெளங்கல, சொல்லுங்க” என்றால் நல்ல கூட்டாளி சொல்லித்தருவார். விளக்கிய பிறகு வரும் சிரிப்பும் சிரிப்புத்தான். வட்ஸ்அப்பில் குரலும் முகமும் யாருக்குமே தெரியாது. அங்கே ‘பகிடி’ என்பதைத் தனிச் செய்தியாக அனுப்புங்கள். நீளமான செய்தியின் அடியில் ஒட்டிவிட்டால் வேகமாக வாசிக்கிறவர் கண்ணில் படாது.